பெரிய மைனா, சின்ன மைனா

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கறயா கண்ணு? பஸ்ஸு போற வேகத்துல காத்து மூஞ்சில அடிக்குது. ஆ, போதும் போதும். மடியில என்ன, பரிச்சைப் பேப்பரா? டீச்சருங்களா நீங்க? என்ற மகளை விட ஏழெட்டு வயசுதான் கூட இருக்கும் உனக்கு. நீன்னே கூப்புடறேன், தப்பா நெனைக்காத.

டீச்சருன்னதும் ஒண்ணு கேக்கோணும்னு தோணுது. பாடத்தை நடத்துனமா, பரிச்சை வெச்சமான்னு இல்லாம, வூட்டுல பெத்தவங்க யாரை என்ன சொல்லிக் கூப்புடறாங்கன்னு எல்லாம் எதுக்குப் புள்ளைககிட்ட நோண்டறீங்க? கோவிச்சுக்காத, உன்னையச் சொல்லல. என்ற மகளுக்கு ஒரு டீச்சர் வாய்ச்சாளே, அவளைச் சொல்றேன். அவ நோட்டுல போடச் சொன்ன ஒரு கோட்டுல என்ற குடும்பமே ரெண்டாப் போச்சு.

நான் பல்லடத்துப் பக்கம் ஒரு நூல் மில்லுல ஹாஸ்டல் வார்டன். துளசிமணி அக்கான்னா வாட்ச்மேன்ல இருந்து மேனேஜர் வரைக்கும் தெரியும். பதினோரு வருசமாச்சு. முன்னால எல்லாம் நம்ம தேனி, விருதுநகர்ப் புள்ளைகதான் வரும். இப்ப ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம்னு வண்டி வண்டியா வந்து எறங்குதுக. தொண்ணூறு புள்ளைக இருந்தா அறுவது அந்தப் பக்கத்துப் புள்ளைகதான். அதுல அசாம்காரப் புள்ளைக ஒரு பன்னெண்டு. கண்ணு சின்னதா, மூக்கு சப்பையா, வெள்ளை வெளேர்னு இருக்கும். மில்லுல அதுகளை எல்லாரும் சைனான்னுதான் கூப்புடுவாங்க. "ஏ சைனா, நூல் கோன் எடுத்துட்டு வா." கொரோனா வந்தப்ப இன்னும் மோசமாக் கூப்புட்டாங்க, அதை என்ற வாயால சொல்லக் கூடாது. நான் ஒரு நாளும் சைனான்னு கூப்புட்டதில்ல. சாமி சத்தியமா. அதுகளுக்கு நம்மூர்ப் பேரா வெச்சேன். ஒருத்திக்கு சுமதி. ஒருத்திக்கு செல்வி. ஒரிஜினல் பேரு வாயில நுழையோணுமில்ல?

மைனான்னு ரெண்டு பேரு. அது மட்டும் அதுகளோட பேரேதான், கொஞ்சம் சுருக்கிக்கிட்டேன். மொதல்ல வந்தவ பெரிய மைனா, ஆறு மாசம் பின்னால வந்தவ சின்ன மைனா. வயசுலயோ ஒயரத்துலயோ பெருசா வித்தியாசம் கெடையாது. ரெண்டும் ஒரே ரூமு, ஒரே ஷிப்டு, ஒரே தட்டுல சாப்புடுதுக.

அப்பத்தான் இவ, என்ற மக சிந்துஜா, பிளஸ் ஒன்னு. ஹாஸ்டல்லயே எனக்கு ரூமு குடுத்திருந்தாங்க, இவளும் எங்கூடத்தான். அந்த டீச்சர் என்ன பண்ணுனா, நோட்டுல நடுவுல ஒரு கோடு போடச் சொல்லியிருக்கா. இந்தப் பக்கம், நீங்க தெனமும் பாக்கற பத்துப் பேரை எப்புடிக் கூப்புடறீங்கன்னு எழுதோணும். அந்தப் பக்கம் அவங்க நெசப் பேரு. இவ எழுதிட்டு வந்து எங்கிட்டக் காட்டறா. இந்தப் பக்கம் சைனா, வடக்கன், பாய், பானிபூரிக்காரன், கறுப்பி. அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல, வெறும் வெள்ளை.

"அம்மா, இதுக்குப் பேரு இனவெறியாம்"ங்கறா.

எனக்கு சிரிப்பு வந்துருச்சு கண்ணு. இனவெறின்னா வெள்ளைக்காரன் கறுப்பனைப் போட்டு அடிக்கறது. டிவியில நான் பாத்திருக்கேன். நமக்கு எங்க அது? நாமளே கறுப்பு! என்ற வூட்டுக்காரரு லாரி ஓட்டறவரு. ஒருக்கா டெல்லிப் பக்கம் போனப்ப டோல்கேட்டுல ஒரு சின்னப் பய, "ஏ காலா மதராசி"ன்னு சொல்லி நெஞ்சுல கை வெச்சுத் தள்ளியிருக்கான். அவரு வூட்டுக்கு வந்து ரெண்டு நாளு சோறு திங்கல. "எனக்குப் பேரில்லையா துளசி? சென்னியப்பன்னு எங்கப்பன் வெச்ச பேரு இல்லையா?"ன்னு கேட்டு அழுதாரு. மனுசனா அவனெல்லாம்? அதைத்தான் இவகிட்டச் சொன்னேன், இனவெறின்னா அதுதான் சாமி, நாம படறது, பண்றதில்லன்னு.

அவ அடுத்த நாள்ல இருந்து ஷிப்டு முடிஞ்சு வர்ற புள்ளைககிட்ட ஒவ்வொருத்தியாப் போயி உக்காந்து பேரு கேட்டு எழுதுனா. ஒரு மாசத்துல அறுவது பேரும் மனப்பாடம். "அம்மா, அவங்க மைனா இல்ல, மைனாவ். அவங்க ஊருல லட்சுமியாட்ட ஒரு சாமி, நெல்லுக்குச் சாமி. அதனாலதான் அங்க நெறையப் பேருக்கு அந்தப் பேரு. பெரியவங்க மைனாவ் பசுமதாரி, சின்னவங்க மைனாவ் நர்ஜாரி"ன்னு என்ற காதுல போட்டுக்கிட்டே இருப்பா. சரி சரிம்பேன். பசுமாடா, எருமைமாடான்னு கிண்டல் பண்ணுவேன். சும்மா வெளையாட்டுக்குத்தான். அவ மூஞ்சி சுருங்கிரும்.

பொங்கலுக்கு ஒரு வாரம் முந்தி ஒரு மைனா எங்கிட்ட வந்துது. அம்மாவுக்குச் சீக்கு, லீவு வேணும்னு. அந்த நேரம் பாத்து கேஸ்காரன் சிலிண்டரைக் கம்மியா எறக்கிட்டான்னு அவன்கூட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். பொங்கலுக்கு நம்மூர்ப் புள்ளைக எல்லாம் ஊருக்குப் போயிரும், மிஷின் ஓட்ட ஆளிருக்காது. "நோம்பி கழியட்டும் கண்ணு, பாக்கலாம்"னு சொல்லி அனுப்பிட்டேன். கண்ணுன்னுதான் சொன்னேன், வையல, ஒண்ணும் பண்ணல. ஆனா எந்த மைனான்னு நிமிந்து பாக்கல.

பொங்கல் லீவு முடிஞ்சு பள்ளிக்கோடம் தொறந்த அன்னைக்குக் காலையில என்ற போனுக்கு ஒரு கால் வருது. புள்ளைக போனெல்லாம் எங்கிட்டத்தான் பூட்டிக் கெடக்கும், ஞாயித்துக்கெழமைதான் குடுப்போம், அது மில்லு சட்டம். ஊருல இருந்து அவசரம்னா என்ற நம்பருக்குத்தான் வரும். ஒரு ஆம்பளை இந்தியில பேசறான். எனக்கு இந்தி இருவது வார்த்தை தெரியும். அம்மா செத்துப்போச்சு, மைனாவ்கிட்டச் சொல்லுங்கங்கறான். எந்த மைனான்னு கேட்டேன். ஏதோ சொல்றான், கடைசியில "ரி"ன்னு முடியுது. மறுக்கா கேட்டேன். அழுகையோட சொல்றான், அதுவும் "ரி"ன்னுதான் முடியுது. போனு கட்டாயிருச்சு. திருப்பிக் கூப்புட்டா போகல.

நான் என்ன பண்ணட்டும், சொல்லு. இழவுச் சேதியைக் கையில வெச்சுட்டு எத்தனை நேரம் இருக்கறது? எனக்கு அந்தப் புள்ளைகளைப் பாத்தா எல்லாம் ஒரே அச்சுல வார்த்தாப்பலதான் இருக்கும். பெரிய மைனாதான் ஒரு வாரமா ஒரு மாதிரி இருந்தாப்பல எனக்குப் பட்டுது. அவளையே கூப்புட்டுச் சொல்லிட்டேன்.

அவ போட்ட கத்தல்ல மெஸ்ஸுல இருந்த புள்ளைக எல்லாம் ஓடியாந்துருச்சு. தரையில வுழுந்து பொரள்றா. அவ போனை எடுத்துக் குடுத்தேன், ஊருக்குப் பேசுன்னு. அவங்கூட்டுல போனில்ல, பக்கத்து வூட்டுக்காரங்க நம்பருதான், அது எடுக்கவேயில்ல. சின்ன மைனாதான் அவளைத் தூக்கி மடியில போட்டுக்கிட்டா. தலையைத் தடவறா, தண்ணி குடுக்கறா, அவங்க பாஷையில என்னமோ சொல்லிச் சொல்லித் தேத்தறா. ஊருல நெய்யற ஒரு துண்டு, பச்சையும் செவப்புமா பூப்போட்டது, கழுத்துல போடறது, அவங்களுக்கு நெம்ப ஒசத்தியாம். புதுசு, கசங்கக்கூட இல்ல. அதை எடுத்துக் குடுத்து, "உங்க அம்மா மேல போடு"ன்னா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பாரு, தன்னோட தாயிக்குச் செய்யறாப்பல செய்யறாளேன்னு பக்கத்துல இருந்தவங்ககிட்டச் சொன்னேன்.

ஆமா கண்ணு. நான் சொன்ன வார்த்தைதான்.

சாயங்காலம் சிந்து பள்ளிக்கோடம் வுட்டு வந்தா. வெசயத்தைச் சொன்னேன். பையைக் கழட்டாமயே நின்னா. "அம்மா, லீவு கேட்டது சின்னவங்களாச்சே? அவங்கம்மாவுக்குத்தான உடம்பு சரியில்ல?"ன்னா.

உங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லோணும். எனக்குத் திக்குன்னு ஆச்சு. அப்பவே தெரிஞ்சுருச்சுன்னு வெச்சுக்கயேன். ஆனா மேனேஜரு டிக்கெட்டுப் போட்டுட்டாரு, விடிஞ்சா திருப்பூருல ரயிலு. இப்பப் போயி, ஆளு மாறிப் போச்சுங்க, எனக்கு அடையாளம் தெரியலீங்கன்னா, பதினோரு வருசமா என்னத்தப் பாத்தேன்னு கேக்க மாட்டாரா? "அவங்கம்மாவுக்கும் சீக்குதான், உனக்கென்ன தெரியும், வாயை மூடு"ன்னேன். சிந்து என்னையவே பாத்தா. அப்பறம் பையைக் கழட்டி வெச்சுட்டு உள்ள போயிட்டா. எஞ்சொல்லுக்கு மறுசொல்லு பேசாத புள்ள கண்ணு அவ. அப்புடித்தான் வளத்திருந்தேன்.

அஞ்சாம் நாளு பெரிய மைனா போன் பண்றா. சிரிக்கறாளா அழுகறாளான்னு தெரியல. "அக்கா, அம்மா இருக்கு! வாசல்ல அரிசி பொடைச்சுட்டு இருக்கு! அக்கா, அம்மா இருக்கு அக்கா!" மூணு நாலு நாளு ரயிலுல அழுதுக்கிட்டே போனவ, வாசல்ல அம்மாவைப் பாத்ததும் மயங்கி வுழுந்துட்டாளாம். கொஞ்ச நேரம் அப்புடியே சந்தோசமாப் பேசிட்டு இருந்தா. திடுக்குன்னு நிறுத்துனா. "அக்கா, அப்ப யாரு அம்மா?"ன்னா.

சின்ன மைனாவை ரூமுக்குக் கூப்புட்டேன். டீ போட்டுக் குடுத்தேன். உக்காருன்னேன். எப்புடிச் சொன்னேன்னு எனக்கே ஞாபகமில்ல, தப்பாப் போச்சு கண்ணுன்னு சொன்னேன். அடக்கமெல்லாம் முடிஞ்சு அஞ்சு நாளாச்சு. அவளுக்கு அப்பனுமில்ல, அம்மா ஒருத்திதான். அவ கத்தல. அழுகல. டீ கிளாஸைக் கீழ வெச்சா. நம்ம தமிழ்லதான் கேட்டா.

"அக்கா, லீவு நான்தான கேட்டேன்?"

அவ்வளவுதான். என்னைய ரெண்டு அடி அடிச்சிருக்கலாம் அவ.

ஆனைக்கும் அடி சறுக்கும். நான் என்ன வேணும்னா பண்ணுனேன்? மேனேஜரே, "இதெல்லாம் சகஜம்மா, வுடுங்க, அந்தப் புள்ளைக எல்லாம் ஒரே மாதிரிதான இருக்குது"ன்னு சொல்லிட்டாரு. வேலை போகல. ஒரு மெமோகூட இல்ல. ஊரே மன்னிச்ச தப்பை என்ற வவுத்துல பொறந்தவ மன்னிக்கல. பெத்த மனம் பித்து, புள்ள மனம் கல்லுங்கறது சும்மாவா?

மாசியில பள்ளிக்கோடத்து ஆண்டு விழா. இவ பேசறான்னதும் நானும் பட்டுச்சேலை கட்டிட்டுப் போயி மொத வரிசையில உக்காந்திருந்தேன். தலைப்பு அந்த டீச்சர் குடுத்தது, 'நான் வாயை மூடிக்கொண்ட ஒரு நாள்'. இவ மைக்குல நின்னு, சின்ன மைனா கதையை ஆதியோட அந்தமாச் சொன்னா. ரெண்டு பேரோட பேரையும் முழுசாச் சொன்னா. கடைசியில, "ஆளை மாத்திச் சொன்ன வார்டன் எங்கம்மா. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டது நான். எங்கம்மாவுக்குப் பேரு வாயில நுழையல. எனக்கு உண்மை வாயில இருந்து வெளிய வரல. ரெண்டும் ஒண்ணுதான்"ன்னா. எல்லாரும் கை தட்டறாங்க. சனமெல்லாம் திரும்பி என்னையப் பாக்குது. நான் எங்க போயி மூஞ்சிய வெச்சுக்குவேன்? வளத்த கடா மாருல பாஞ்சாப்பலதான். வூட்டுக்கு வந்ததும் அறைஞ்சேன். அவ கன்னத்தைக்கூடத் தடவல. "நான் போயி சின்னவங்ககிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். நீ எப்பம்மா சொல்லுவே?"ன்னா.

என்னத்தச் சொல்றது? அதுக்குள்ள மில்லுக்கு ஆளு புடிச்சுக் குடுக்கற ஏஜெண்டு வந்து சின்ன மைனாவை வேற மில்லுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். பரிச்சை முடிஞ்சதும் சிந்து தாராபுரத்துல அவ அத்தை வூட்டுக்குப் போயிட்டா. பிளஸ் டூவும் அங்கயே சேந்துட்டா. நான் போன் பண்ணுனா எடுப்பா. சாப்புட்டயான்னா "ம்". காசு வேணுமான்னா "வேண்டாம்". கண்ணு, அம்மாங்கற வார்த்தையே அவ வாயில இருந்து வரல. ஆறு மாசம். எந்நேரமும் அம்மா அம்மான்னு என்ற முந்தானையிலயே கெடந்த புள்ள. ரூமுல ஒத்தையாப் படுத்துட்டு நான் பட்ட பாடு யாருக்குத் தெரியும்?

போன வாரம் அவகிட்டக் கெஞ்சுனேன். நான் என்ன பண்ணோணும்னு சொல்லு சாமி, பண்ணறேன்னு. அவ சொன்னா: "சின்னவங்க வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லுல இருக்காங்களாம். நேராப் போ. அவங்க பேரைச் சொல்லிக் கூப்புடு. சந்தேகம் வந்தும் வாயை மூடிட்டேன், மன்னிச்சுருன்னு சொல்லு. சொல்லிட்டு அங்கிருந்தே பஸ் ஏறித் தாராபுரம் வா. நான் பஸ் ஸ்டாண்டுல நிப்பேன்."

நான் நிப்பேன்னா கண்ணு. அதைக் கேட்டதும் எனக்கு உசுரே வந்துருச்சு.

ஒரு வாரமாப் பேரைச் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். சோத்துக்கு ஒலை வெக்கறப்ப, துணி அலசறப்ப. மைனாவ் நர்ஜாரி. மைனாவ் நர்ஜாரி. என்னடா பெரிய பேரு? சிம்ப்ளக்ஸு, ஆட்டோகோனருன்னு மிஷின் பேரெல்லாம் பதினோரு வருசமா வாயில நுழையுது. இது ரெண்டு நாளுல வந்துருச்சு. இத்தனை சுலுவுன்னு தெரிஞ்சிருந்தா…

சரி வுடு.

இன்னைக்கு ரெண்டு மணிக்கு அந்த மில்லு கேட்டுல போயி நின்னேன். ஹாஸ்டல் வார்டன் வந்தா, என்ற வயசுதான் இருக்கும். மைனாவ் நர்ஜாரியைப் பாக்கோணும்னேன். சுத்தமாச் சொன்னேன். அவ முழிக்கறா. "அப்புடி யாரும் இங்க இல்லீங்களேக்கா. அசாம்காரப் புள்ளைகளா? ஏழு பேரு இருக்குதுக. பூங்கொடி, மல்லிகா, வசந்தி… நாங்க வெச்ச பேருதான். உங்களுக்கு எது வேணும்?"ன்னா. எது வேணும்னு கேட்டா. கேட்டுட்டு, பாவம், ஷிப்டு மாத்தற நேரத்துலயும் ஏழு பேரையும் கூட்டியாந்து விசிட்டர் ரூமுல வரிசையா நிறுத்துனா. "பாத்துச் சொல்லுங்கக்கா, நேரமாச்சு."

ஏழு பேரும் தலையில தொப்பி, கழுத்துல மாஸ்க்கு, புருவத்துல பஞ்சு. நான் பேரைச் சொன்னேன். ஒருத்தியும் அசையல. ரெண்டு வருசம் என்ற கையால சோறு போட்டிருக்கேன் கண்ணு. ஒவ்வொருத்தியாப் பாத்தேன். மூணாவதா நின்னவ கண்ணுல தண்ணி நின்னாப்பல இருந்துது. இவதான், இவளேதான்னு மனசு சொல்லுச்சு. போயி அவ ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். கேஸ்காரன்கூடச் சண்டை போட்டுக்கிட்டு உன்ற மூஞ்சிய நிமிந்து பாக்கலைன்னு சொன்னேன். சந்தேகம் வந்தும் மேனேஜருக்குப் பயந்துட்டு வாயை மூடிக்கிட்டேன்னு சொன்னேன். உன்ற தாயி மூஞ்சிய நீ கடைசியாப் பாக்காமப் போனது என்னாலதான்னு சொன்னேன். மகளே, மைனாவ், என்னைய மன்னிச்சுருன்னு அவ காலைத் தொடக் குனிஞ்சேன்.

அவ என்ற தோளைப் புடிச்சுத் தூக்குனா. மொள்ள, மரியாதையா, தமிழ்ல சொன்னா.

"அக்கா, அது நான் இல்ல."

திரும்பிப் பாத்தேன். ஏழு பேரு நின்ன வரிசையில ஆறு பேருதான் நின்னாங்க. கதவு தொறந்து கெடந்துது. மைனாவ் எப்பப் போனா, எந்த எடத்துல நின்னுட்டு இருந்தா, எதுவரைக்கும் கேட்டா, எனக்கு ஒண்ணும் தெரியாது. வெளிய ஓடிப் பாத்தேன். ஷிப்டு மாறுது, எரநூறு புள்ளைக தொப்பி போட்டுட்டு உள்ள போகுதுக. மைனாவ், மைனாவ்னு கத்துனேன். வாட்ச்மேன் என்னைய வெளிய போகச் சொல்லிட்டான்.

என்ன கண்ணு, எந்திரிக்கறே? தாராபுரம் வந்துருச்சா? அய்யோ, வந்தே போச்சு. அதா, அந்த டீக்கடைகிட்ட நிக்கறா பாரு, ஊதாச் சுடிதாரு. அவதான் என்ற மக. எளைச்சுப் போயிட்டா. ஒவ்வொரு ஜன்னலா எட்டி எட்டிப் பாக்கறா. பாத்துட்டா… பாத்துட்டா என்னைய. சிரிக்கறா கண்ணு. வாயி அசையுது பாரு, அம்மாங்கறா.

அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?

நீ முன்னால எறங்கு கண்ணு. நான் செத்த நேரம் கழிச்சு எறங்கறேன்.